எந்த மருந்து?

கீழ்புத்துப்பட்டு நிறுத்தத்தில் பஸ் நின்றிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஜன்னலோர இருக்கை, மடியில் லேப்டாப் பை, கையில் போன். முந்தின நாள் நடந்த சோதனை அழைப்புகளின் பதிவை வாசித்துக்கொண்டு வந்தேன். கிளியனூரில் ஒரு அம்மா எங்களுக்காகப் பேசிப் பார்ப்பார். "கிளினிக்குக்கு நீங்க எப்படிப் போன் பண்ணுவீங்களோ அப்படியே பேசுங்க, என்ன வேணா சொல்லுங்க" என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தோம். அவர் சொல்லியிருந்தது இது:

"எங்க வூட்டுக்காரரு மருந்து குடிச்சிட்டாருங்க. சீக்கிரம் எதாச்சும் சொல்லுங்க."

கிளினிக்கின் போனை எடுத்துப் பேச நாங்கள் செய்துவரும் ஏஜென்ட் நிரல் கொடுத்த பதில்:

"நல்லது. மருந்து எடுத்துக்கொண்டதைப் பதிவு செய்துவிட்டேன். அடுத்த வேளை, இரவு உணவுக்குப் பிறகு."

வெறும் சோதனைதான். யாரும் எதையும் குடிக்கவில்லை. அந்த அம்மா பேசி முடித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருப்பார். ஆனால் எங்கள் பக்கத்தில் 'மருந்து குடிச்சிட்டான்' என்றால் ஒரே அர்த்தம்தான். பயிருக்கு அடிக்கிற மருந்தைச் சாவதற்காகக் குடித்துவிட்டான் என்று அர்த்தம். டாக்டர் எழுதிக் கொடுத்ததென்றால் மாத்திரை போட்டுக்கிட்டேன் என்பார்கள், டானிக் குடிச்சேன் என்பார்கள். இது ஊரில் பிறந்த எனக்குத் தெரியும். ஏஜென்டுக்கு எப்படித் தெரியும்? அதற்காக நான் எழுதிய விளக்கத்தில் அது இல்லை. அடுத்த வாரம் கிளினிக்கில் நிஜமான ஆட்களுக்கு இந்த எண்ணைக் கொடுக்கப்போகிறார்கள்.

நான் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. இரண்டாம் தடவை வாசித்தேன், அப்போதும் ஒன்றுமில்லை. காதில் மட்டும் ஒரு குரல், கண்ணாடி மேஜைக்குப் பின்னாலிருந்து, சற்று எரிச்சலாக: "எந்த மருந்து?"

அந்தக் குரலுக்குரியவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மரக்காணத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. மெடிக்கல்காரம்மா, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் அவருடைய மெடிக்கல் ஷாப் இருந்தது. கடையில் ஒரு சுழல் நாற்காலி உண்டு, அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி, எதிரில் நிற்பவரின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். டாக்டர் சீட்டைக் கொடுத்தால் மாத்திரை வரும், ஆனால் கைக்கு வராது. அவர் விரலுக்கு அடியிலேயே இருக்கும். முதலில் அது எதற்கு என்று சொல்வார். பிறகு எதற்கு இல்லை என்று சொல்வார். இந்த இரண்டாம் பகுதிதான் நீளம். கடைசியில், "எங்க, நீங்க சொல்லுங்க பாக்கலாம்" என்பார். வாங்க வந்தவர் ஒப்பித்துக் காட்டினால்தான் விரலை எடுப்பார்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் குரல் ஏன் என் பஸ்ஸில் கேட்டது என்பது புரியாது. ஏஜென்ட் என்றால், ஆள் பேசுவதைக் கேட்டு, தன்னிடம் உள்ள வேலைகளில் எதைச் செய்வது என்று தானே தேர்ந்தெடுக்கும் ஒரு நிரல். அந்த வேலைகளை டூல் என்கிறோம். மருந்து எடுத்ததைப் பதிவு செய்வது ஒரு டூல். டாக்டரிடம் நேரம் வாங்குவது ஒரு டூல். அழைப்பை நர்ஸுக்கு மாற்றுவது இன்னொன்று. ஒவ்வொரு டூலோடும் சில வரி விளக்கம் இருக்கும். டூலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று ஏஜென்டுக்குத் தெரியாது. அந்தச் சில வரிகளை நம்பித்தான் எதையும் எடுக்கும், எதையும் விடும். அந்த வரிகளை எழுதுவது நான்.

"நாலு வரி எழுதறதுக்கா உன்ன இன்ஜினியரிங் படிக்க வெச்சோம்?" என்று அம்மா கேட்பாள். எனக்கோ இந்த வேலை தலைக்கேறிவிட்டது. ஒரு சொல்லை மாற்றினால் அந்தப் பக்கம் ஒரு நடத்தையே மாறுகிறது. 'பதிவு செய்' என்பதை 'உறுதி செய்த பிறகு பதிவு செய்' என்று மாற்றிப் பாருங்கள், அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தது திடீரென்று கேள்வி கேட்க ஆரம்பிக்கும். வேறு எந்த எழுத்துக்கும் வாசகர் இவ்வளவு அப்பாவியாக, இவ்வளவு சொன்னபடியே நடப்பவராகக் கிடைக்க மாட்டார். அந்த அப்பாவிக்கு நான் கொடுத்திருந்த விளக்கம் ஒரே வரி: 'நோயாளி மருந்து எடுத்துக்கொண்டதைப் பதிவு செய்யும்.'

மெடிக்கல்காரம்மா பார்த்திருந்தால் விரலை எடுத்திருக்க மாட்டார்.

ஒரு நாள் கடையில் கூட்டம். கடற்கரைக் குப்பத்து ஆள் ஒருவர், மீன்பிடிக்கப் போகிறவர், கண் சிவந்து வந்து நின்றார். சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து வைத்து இவர் ஆரம்பித்தார்.

"இது கண்ணுக்கு. காதுக்கு இல்ல."

"யக்கா, கண்ணுதாங்க செவந்திருக்குது. காதுல ஊத்திக்க நான் இன்னா லூசா?"

"போன மாசம் ஒருத்தர் ஊத்தினாரு."

"எவன் அவன்?"

"உங்க அண்ணன்."

கடையே சிரித்தது. அந்த ஆளும் சிரித்துவிட்டு, "அவன் செய்வான்க்கா" என்று ஒத்துக்கொண்டார். இவர் சிரிக்கவில்லை. "சொல்லுங்க பாக்கலாம்," என்றார். அவர் எல்லோர் முன்னாலும், "கண்ணுக்கு. காதுக்கு இல்ல," என்று ஒப்பித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் வயிற்றுப்போக்குக்கு உப்புப் பொடி பாக்கெட் கேட்டு வருவார்கள். அதற்கும் இதே பாடம்தான். முழு பாக்கெட்டையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கணும், டம்ளர்ல கொஞ்சமா கலக்கக் கூடாது, அள்ளி வாயில் போடக் கூடாது, பாலில் கலக்கக் கூடாது. "நாள் பூரா உப்புத் தண்ணியில நிக்கறோம், எங்களுக்கே உப்புக் கரைக்கக் கத்துத் தராங்கடி" என்று வெளியே வந்து சிரிப்பார்கள். சிலர் இதற்காகவே கொஞ்சம் நடந்து, பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கடைக்குப் போனார்கள். அங்கே கேட்டதைக் கேரி பேக்கில் போட்டு நீட்டிவிடுவார்கள். இவருக்கு அது தெரியும். மாறவில்லை.

அவர் கடையில் ஒரு சொல்லுக்கு இடமில்லை. நான் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தபோது அது எனக்குத் தெரியாமல் போய், "அப்பாவுக்கு மருந்து வேணும்," என்றேன்.

"எந்த மருந்து?"

"பிரஷருக்கு."

"அது மாத்திரை. மாத்திரைன்னு சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதானேங்க."

"இல்ல."

 மாத்திரை அவர் விரலுக்கடியிலேயே இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற எரிச்சலில், "மாத்திரை வேணும்," என்றேன். கொடுத்தார்.

கீழ்புத்துப்பட்டைத் தாண்டிப் பஸ் பாண்டிக்குள் நுழைவதற்குள் நான் விளக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். போனிலேயே, கட்டைவிரலால். எனக்கு எதையும் உடனே செய்தாக வேண்டும். 'மருந்து என்ற சொல் வந்தால் பதிவு செய்யாதே. குடித்தார் என்றால் பதிவு செய்யாதே. பேசுபவர் பதற்றமாக இருந்தால் பதிவு செய்யாதே. வேறொருவரைப் பற்றிப் பேசினால் செய்யாதே. எந்த மாத்திரை என்று பெயர் சொல்லாவிட்டால் செய்யாதே. சந்தேகம் இருந்தால் நர்ஸுக்கு மாற்று.' இப்படி இன்னும் நீண்டது. எழுதி முடித்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் டீமை நடத்துபவர் பிரகாஷ். திண்டிவனத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். திரையில் அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, கோயில் போர்டு மாதிரி இருக்குது. செருப்புப் போட்டு வராதே, போட்டோ எடுக்காதே," என்றார்.

"ஒரு உயிர் விஷயம், பிரகாஷ்."

"சரி, ஓட்டிப் பாருங்க."

ஓட்டினோம். மருந்து குடித்த அழைப்பு சரியாக நர்ஸுக்குப் போனது. மற்ற எல்லா அழைப்பும் நர்ஸுக்கே போனது. "சுகர் மாத்திரை போட்டுக்கிட்டேம்மா" என்று நிதானமாகச் சொன்ன பாட்டி, நர்ஸுக்கு. "காலைல ஒண்ணு போட்டேன், ராத்திரி ஒண்ணு போடவா?" என்று கேட்டவர், நர்ஸுக்கு. பதிவு செய்யும் டூலை ஏஜென்ட் தொடவே இல்லை. தொடக் கூடாத காரணங்கள் அவ்வளவு இருக்கும்போது எதற்குத் தொட வேண்டும்? சோதனைக்காகக் கிளினிக்கில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ் என்னையே போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, எல்லாத்தையும் என் தலையில கட்டறதுக்கு எதுக்கும்மா ஒரு மிஷினு? இப்படியே வந்துட்டிருந்தா நான் நாளைலருந்து எடுக்கவே மாட்டேன். நெஜமா எவனாவது குடிச்சிட்டு வந்தாலும் எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

போனை வைத்தபோதுதான் புரிந்தது. என் அப்பாவுக்கு நடந்ததை நான் ஒரு டூலுக்குச் செய்திருந்தேன்.

அப்பா உப்பளத்தில் குத்தகைக்குப் பாத்தி எடுத்து உப்பு விளைவிக்கிறவர். பிரஷர் மாத்திரையை முதன்முதலாக வாங்கப் போனது அவரேதான். மெடிக்கல்காரம்மா வழக்கம்போல விரலை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். தலை சுத்தும், படுத்த இடத்திலிருந்து சட்டுனு எழுந்திருக்காதீங்க. வெயில்ல ரொம்ப நேரம் நிக்காதீங்க. வலி மாத்திரையோட சேத்துப் போடாதீங்க. இருமல் வந்தா வந்து சொல்லுங்க. கால் வீங்கினா வந்து சொல்லுங்க. உப்பைக் குறைங்க. அப்பா எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத்தான் வாங்கி வந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சிரித்தார்.

"உப்பளத்துக்காரன்கிட்ட, வெயில்ல நிக்காத, உப்பு ஆவாதுங்கறாங்க. அப்போ நான் இன்னா பண்றது, கலெக்டர் வேலைக்கா போறது?"

சில நாள் போட்டார். தலை சுற்றியது. இவ்வளவு பயமுறுத்துகிற மாத்திரையைப் போடாமல் இருப்பதுதான் நல்லது என்று அவராகவே முடிவுக்கு வந்து நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. நான் வாங்கிப் போன அட்டைகூடப் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. கோடையில் ஒரு காலை, பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர் அப்படியே வரப்பில் சாய்ந்தார். வாய் ஒரு பக்கம் கோணி, இடது கை விழுந்துவிட்டது.

இப்போது நடக்கிறார், பேசுகிறார், அளத்துக்கும் போய்வருகிறார். இடது கையில் மட்டும் உணர்ச்சியில்லை. உப்பு வாருகிறவர்களுக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும், உப்புநீர் பட்டால் எரியும். "இந்தக் கை எரியறதே இல்ல. லாபம்தான்," என்பார். யாராவது விசாரித்தால் இதே பதில்தான். 

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மெடிக்கல்காரம்மா வீட்டுக்கு வந்தார். கடைக்கு வெளியே நான் அவரைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பழம் வாங்கி வரவில்லை, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கட்டிலுக்கு எதிரில், கடையில் நிற்பது போலவே நின்று அப்பாவின் வாயைப் பார்த்தார்.

"நான் சொன்னதுல எதக் கேட்டு நிறுத்தினீங்க?"

அப்பாவுக்கு அப்போது நாக்கு சரியாகப் புரளாது. "எல்லாத்தையும் கேட்டுதாங்க," என்றார்.

"கடைசியா ஒண்ணு சொன்னேனே."

"தெரியலைங்க. அதுக்குள்ள வெளிய எறங்கிட்டிருப்பேன்."

"தெனமும் போடணும், ஒரு நாளும் விடக் கூடாதுன்னு சொன்னேன்."

"காதுல வுழலைங்க."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். "அத மொதல்ல சொல்லியிருக்கணும்," என்றார். அதைச் சொன்னது எங்களிடமா என்று தெரியவில்லை. பிறகு போய்விட்டார்.

அம்மா கதவைச் சாத்தினாள். "ஆளு படுத்துக் கெடக்கறாரு, வூட்டுக்குள்ள வந்து பரீட்சை வெக்கறாங்க பாரு," என்றாள். அடுப்படியில் பாத்திரங்களை உருட்டினாள். அன்று சாயங்காலம் வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல ஆரம்பித்து மெடிக்கல்காரம்மாவின் பழைய கதை ஒன்றைச் சொன்னாள். அம்மாவுக்குப் பெருமுக்கல் பக்கம் பிறந்த வீடு. நடந்தது அந்தப் பக்கத்து வீடு ஒன்றில்.

"அவங்க கல்யாணம் ஆயி வந்த புதுசு. பாண்டி டவுன்ல வளந்தவங்க, அவங்களுக்கு மருந்துன்னா மருந்துதான். கடைக்குப் போன் வந்திருக்குது. ஒரு பொண்ணு, 'எங்க வூட்டுக்காரரு மருந்து குடிச்சிட்டாரு, இன்னா பண்றது'ன்னு கேட்டிருக்குது. இவங்க டானிக்னு நெனச்சிட்டாங்க. 'சாப்பிட்டுட்டுதான குடிச்சாரு? ஒண்ணும் ஆவாதும்மா, கொஞ்சம் படுக்கச் சொல்லு'ன்னு சொல்லிட்டாங்க. கடைக்காரம்மாவே சொல்லிட்டாங்களேன்னு அந்தப் பொண்ணும் நம்பிக்கிச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. வண்டி வெச்சிக் கெளம்பறதுக்குள்ள முடிஞ்சி போச்சு."

அன்று அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று. அதற்குப் பிறகு கடைக்கு வந்த எல்லோரிடமும் அதையே கேட்டார். என்னிடமும் கேட்டார், நான் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்கலாம். அல்லது, அதற்காக எங்கள் அப்பாவை ஏன் இப்படிச் செய்தார் என்று கோபம் வந்திருக்கலாம். இரண்டையும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது, சாப்பிட்டேன். பிறகு ஒரு தடவை கடை வழியாகப் போனபோது அவர் பேசுவதைக் கேட்டேன். ஒரு கிழவரிடம் மாத்திரையை நீட்டி, "தெனமும் போடுங்க," என்றார். அவ்வளவுதான். விரல் மேஜையில் இல்லை. கிழவர் நகரவில்லை, மீதியைக் கேட்கக் காத்து நின்றார். "இன்னாம்மா, வேற ஒண்ணும் இல்லியா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். ஊருக்கு அவர் பேசியபோது எரிச்சல், பேசாமல் இருந்தபோது பயம். கொஞ்ச நாளில் கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார்கள். பாண்டிக்கே என்றார்கள், சென்னை என்றும் சொன்னார்கள். அங்கே இப்போது செல்போன் ரிப்பேர் கடை. என் போனின் கண்ணாடியை அங்கேதான் மாற்றினேன். அதே மேஜைதான்.

நர்ஸ் திட்டிய அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். எது முதலில் வர வேண்டும் என்பதற்கே அதிக நேரம் பிடித்தது. இப்போது இப்படி இருக்கிறது:

'ஒருவர் தமக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையையோ டானிக்கையோ எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால், தயங்காமல் இதைப் பயன்படுத்து. தினமும் பல பேர் இதைச் சொல்வார்கள், இது வழக்கமான வேலை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதே: "மருந்து குடிச்சிட்டாங்க" என்ற பேச்சு. இந்தப் பகுதியில் அதற்கு விஷம் குடித்துவிட்டார் என்று பொருள். அப்போது கேள்வி எதுவும் கேட்காமல் உடனே நர்ஸுக்கு மாற்று.'

கேள்வி எதுவும் கேட்காமல் என்று எழுதும்போது கை நின்றது. "எந்த மருந்து?" என்று கேட்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். மெடிக்கல்காரம்மாவுக்கு அதுதான் பிடித்திருக்கும். ஆனால் அப்படிப் போன் செய்கிற பெண்ணிடம் கேள்வி கேட்டு, அவர் பதில் தேடி, அதற்கு இன்னொரு கேள்வி என்று போகிற நேரம் யாருடையது? யாராவது டானிக்கை அப்படிச் சொல்லிவிட்டால் நர்ஸ் என்னைத் திட்டட்டும். திட்டு வாங்கிக்கொள்கிறேன். கேள்வி வேண்டாம் என்றே விட்டுவிட்டேன். பிரகாஷுக்கு அனுப்பினேன். "இப்ப படிக்க முடியுது. உங்க ஊர் ஆள் ஒருத்தரை வெச்சிப் பேசிப் பாருங்க. மாத்திரை, மருந்து ரெண்டும் சரியா வந்தா திறந்துடலாம், வரலைன்னா தேதியைத் தள்ளச் சொல்றேன்," என்று பதில் வந்தது.

அப்பாவிடம் கேட்டேன். அவருக்குப் பேசும்போது இன்னும் சில எழுத்துகள் வழுக்கும். அப்படிப் பேசுகிறவர்கள்தான் கிளினிக்குக்கு நிறையப் போன் செய்வார்கள்.

"நான் இன்னா சொல்லணும்?"

"ரெண்டு சொல்லணும்பா. ஒண்ணு, பிரஷர் மாத்திரை போட்டுக்கிட்டேன்னு. அத எழுதிக்கிதான்னு பாக்கணும். கொஞ்சம் கழிச்சு மறுபடி போன் பண்ணி, மருந்து குடிச்சிட்டாருன்னு சொல்லணும்."

"யாரு குடிச்சா?"

"யாரோ. சும்மா."

அவர் வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சும்மா எப்படி வரும்? அந்தப் பொண்ணு அந்தம்மாவுக்குப் போன் பண்ணிச்சே, அது சொன்ன மாதிரியே சொல்றேன்," என்றார்.

"சரிப்பா. ஆனா மாத்திரைய நெஜமாவே போட்டுட்டுச் சொல்லுங்க."

"போடாம சொன்னா அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்தம்மாவா இருந்தா கண்டுபிடிச்சிடும்," என்றார்.

காலையில் அவர் அளத்துக்குக் கிளம்புவதற்கு முன், வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பேசுவார். நான் உள்ளே பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதலில் மாத்திரை. அப்புறம் மருந்து.